வீடு பார்த்துச் சொல்ல என்ன கூலி?

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பின் வரிசையில் இடம் பிடித்திருக்கும் மாணவ மாணவியருக்கு மட்டும் ஒரு வணக்கம். 1974-ல் இங்கே சேர்ந்து 1979-ல் சிவில் முடித்துப் போகும் வரை நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

செயலாளர் போன வாரம் போன் பண்ணி, "ஹாஸ்டல் கதையெல்லாம் வேண்டாம் சார், பசங்களுக்குப் பிரயோஜனமா ஏதாவது சொல்லுங்க" என்றார். சரி, காசு விஷயம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். இந்தக் கல்லூரி ஐந்து வருடத்தில் எனக்கு உத்தரத்தின் வளைவைக் கணக்குப் போடச் சொல்லிக் கொடுத்தது. மண்ணைச் சோதிக்கச் சொல்லிக் கொடுத்தது. ஆனால் வேலை செய்துவிட்டு எதிரே இருப்பவரிடம் "இவ்வளவு கொடுங்க" என்று எப்படிக் கேட்பது, அந்த "இவ்வளவு" எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு டீச்சரம்மா தேவைப்பட்டார். அந்தக் கதைக்கு வருகிறேன்.

என் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை. வீடு வாங்கப் போகிறவர் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். நான் வீட்டை மேலிருந்து கீழ் வரை பார்த்து, எங்கே ஓதம், எங்கே விரிசல், எது பூச்சோடு நிற்கிற விரிசல், எது சுவரையே பிளக்கிற விரிசல், எதற்கு உடனே செலவு, எது பத்து வருடம் தாங்கும் என்று எழுதிக் கொடுப்பேன். அவ்வளவுதான். நம் ஊரில் தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கத்தையும் வக்கீலிடம் காட்டாமல் யாரும் வாங்குவதில்லை. கட்டடத்தைப் பார்க்க மட்டும் மச்சானைக் கூட்டிக்கொண்டு போகிறோம். பேங்க்கிலிருந்து ஒரு இன்ஜினியர் வருவாரே என்பீர்கள். அவர் பேங்க் கொடுக்கும் கடனுக்கு வீடு ஈடாகுமா என்று பார்க்க வருகிறவர். உங்கள் பாத்ரூம் ஒழுகுமா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை.

இப்போது டீச்சரம்மா. 1998-ல், நம் வகுப்புத் தோழன் ஒருவன் (இந்த அரங்கில்தான் இருக்கிறான், சிரிக்கிறான் பாருங்கள்) போன் செய்தான். "டேய், எங்க தெரு டீச்சர் ரிடையர் ஆகி ஃபிளாட் வாங்கறாங்க. பி.எஃப். பணம். நீ போய்ப் பாத்துச் சொல்லு. பாத்து வாங்குடா, அவங்க கஷ்டப்பட்டவங்க." சென்னையில் கடற்கரையை ஒட்டிய பகுதி. மூன்றாவது மாடி, அதுதான் மேல் மாடி. பன்னிரண்டு வருடக் கட்டடம். நான் முந்நூறு ரூபாய் என்று சொன்னேன். ஏன் முந்நூறு? ஒரு காரணமும் கிடையாது. வாயில் வந்தது, சொன்னேன்.

முந்நூறு ரூபாய்க்கு என்ன செய்வோமோ அதைத்தான் செய்தேன். இரண்டு சைட்டுக்கு நடுவே போனேன். இருபத்தைந்து நிமிஷம் இருந்தேன். வீடு புதுசாக வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. சீலிங்கை அண்ணாந்து பார்த்தேன், தட்டிப் பார்க்கவில்லை. மொட்டை மாடிச் சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். நான் காத்திருக்கவில்லை. லெட்டர்ஹெட்டில் நாலு வரி, "கட்டடம் நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த ஐப்பசி மழையில் சமையலறை சீலிங்கிலிருந்து கான்கிரீட் பெயர்ந்து அடுப்பு மேடையில் விழுந்தது. நல்ல வேளை, இரவு நேரம். போய்ப் பார்த்தேன். கம்பி துருப்பிடித்து, ஊதி, கீழே இருந்த கான்கிரீட்டைத் தள்ளிவிட்டிருந்தது. இரும்பு துருவானால் பல மடங்கு இடம் கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியும். 1978-ம் வருட ஐ.எஸ். 456 சாதாரணத் தளத்துக்கு 15 மில்லிமீட்டர் கவர் போதும் என்றது. உப்புக் காற்று அடிக்கிற இடத்துக்கு அதைவிடக் கூடுதல் வேண்டும். அந்த வீட்டில் கம்பிக்குக் கீழே பத்து மில்லிமீட்டர்கூட இல்லை. நான் அன்றைக்கு ஒரு சுத்தியலால் நாலு இடத்தில் தட்டியிருந்தால் 'டொப் டொப்' என்று சத்தம் கேட்டிருக்கும். வெள்ளையடித்தவனுக்கு அது தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

டீச்சரம்மா சத்தம் போடவில்லை. காபி கொடுத்தார். பிறகு கேட்டார்: "தம்பி, தப்பா நினைக்காதீங்க. எவ்வளவு கேட்டிருந்தா நீங்க சுத்தியலை எடுத்திருப்பீங்க?"

முந்நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. "அது நீங்க வந்து போன ஆட்டோவுக்கு" என்றார். ரிப்பேர் கூலியில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். அதற்கு அவரைச் சம்மதிக்க வைக்க என் மனைவியை அனுப்ப வேண்டியிருந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பணத்தால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தேன். அந்தக் கணக்கை இன்றைய ரூபாயில் சொல்கிறேன், மாணவர்கள் வேண்டுமானால் குறித்துக்கொள்ளலாம்.

தொள்ளாயிரம் சதுர அடி ஃபிளாட், இருபது வருடப் பழசு என்று வையுங்கள். போக வர இரண்டு மணி. அங்கே நாலு மணி: மொட்டை மாடி, தட்டோடு, ஓவர்ஹெட் டேங்க், சம்ப், கழிவுக் குழாய், மின்சாரப் பெட்டி, ஒவ்வொரு அறையின் சீலிங், ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாம் சேர்த்து. வீட்டுக்கு வந்து படம் ஒட்டி ரிப்போர்ட் எழுத நாலு மணி. ஆக என் பத்து மணி நேரம், மணிக்கு 600 என்றால் 6,000. உடன் வருகிற பையனுக்கு ஆறு மணி நேரம், மணிக்கு 200 வீதம் 1,200. வண்டிக்கு 500. கருவிகளின் தேய்மானம், சரிபார்ப்பு 800. இதுவரை 8,500. வேலை இல்லாத நாளுக்கும் ஆபீஸ் வாடகைக்கும் 1,500 சேர்த்தால் 10,000. வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. பதிவு எடுத்தவராக இருந்தால் மேலே 18 சதவீதம், 1,800.

அறுபது லட்சம் வீட்டுக்குப் பத்தாயிரம் பெரிசா என்று கேட்கலாம். பழைய ஃபிளாட் வாங்கினால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் அரசாங்கத்துக்கு, அதுவே 5,40,000 ஆகிறது. புரோக்கருக்கு ஒரு சதவீதம் என்றாலும் 60,000. ஆனால் இப்படிச் சொல்வது ஒரு வியாபாரத் தந்திரம், அதையும் உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். பெரிய தொகைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் எந்தக் கூலியும் கடுகாகத்தான் தெரியும். என் பத்தாயிரம் நியாயம் என்றால், அது என் பத்து மணி நேரத்தால்தான் நியாயம்.

இதனால்தான் வீட்டு விலையில் இத்தனை சதவீதம் என்று நான் வாங்குவதில்லை. முன்பு செல்வ வரிக்காகச் சொத்து மதிப்பீடு செய்தவர்களுக்கு மதிப்பின் மேல் சதவீதமாகக் கூலி இருந்தது. 2015 பட்ஜெட்டோடு அந்த வரியே போய்விட்டது. என் வேலையில் அது பொருந்தவே பொருந்தாது. மடிப்பாக்கத்தில் தொள்ளாயிரம் சதுர அடியும் அடையாறில் தொள்ளாயிரம் சதுர அடியும் எனக்கு ஒரே ஏணி, ஒரே டார்ச். அடையாறுக்காரர் எதற்கு மூன்று மடங்கு தர வேண்டும்? சதுர அடிக்கு இவ்வளவு என்பதும் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கோணல். எண்ணூறு சதுர அடியில் முப்பத்தைந்து வருடக் கட்டடம், இரண்டாயிரம் சதுர அடிப் புது வீட்டைவிட அதிக நேரம் வாங்கும். அதைச் சதுர அடிக் கணக்கில் பார்ப்பவர் சீக்கிரம் வீட்டுக்குப் போகத்தான் பார்ப்பார். எனக்குத் தெரியும், முந்நூறு ரூபாயில் நானும் அப்படிப் போனவன்தானே.

கூலி எவ்வளவு என்பதைவிட, அதை யார் கொடுக்கிறார்கள் என்பது சில சமயம் பெரிய விஷயம். ஒரு புரோக்கர் என் ஆபீசுக்கு ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். மாதம் பத்து வீடு தருகிறேன் என்றார். "ரிப்போர்ட்டை மட்டும் கொஞ்சம் மெல்லிசா எழுதுங்க சார். பேரம் கெட்டா உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல." மனுஷன் பொய் சொல்லவில்லை, அவர் பிழைப்பு அது. மாதம் பத்து வீடு என்றால் என் பெண்ணின் படிப்புச் செலவு முடிந்தது. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. நியூஜெர்சியில் இருக்கும் நம் நண்பன் ஒருவனிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அங்கே 1976-லேயே வீடு ஆய்வாளர்களுக்கு ஒரு சங்கம், அமெரிக்கன் சொசைட்டி ஆஃப் ஹோம் இன்ஸ்பெக்டர்ஸ் என்று ஆரம்பித்திருக்கிறார்கள். வீடு விற்றால்தான் கூலி என்றோ, ரிப்போர்ட் இப்படி இருந்தால் மேலும் வேலை தருகிறேன் என்றோ பேசி எந்த வீட்டையும் பார்க்கக் கூடாது என்று அவர்கள் நெறிமுறையில் இருக்கிறதாம். நீ பார்த்த வீட்டை நீயே காசு வாங்கிக்கொண்டு ரிப்பேர் செய்யாதே, ஒரு வருடம் கழியட்டும் என்றும் இருக்கிறது. நம் நாட்டிலும் 2017-ல் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்களுக்கு வந்த நெறிமுறை, செய்த வேலைக்குத் தகுந்த நியாயமான கூலியை ஒளிவுமறைவில்லாமல் வாங்கு என்கிறது. அது மதிப்பீட்டாளருக்கு. வீடு பார்க்கிற நமக்கு அப்படி எதுவும் இல்லை, நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஸ்வீட் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த ஏரியாவில் எனக்கு இரண்டு வருடம் வேலை வரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஏதோ வீரச்செயல் மாதிரி ஆகிவிடும்.

"இலவச ஆய்வு" என்று போர்டு வைத்திருக்கிறார்களே, அதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். ஒழுகலை அடைக்கும் மருந்து விற்பவர் வந்து பார்த்தால் ஒழுகாத மாடி ஏது?

கூடுதலாகக் கேட்கிற ஆசையும் வரும். 2014 ஜூன் 28-ம் தேதி மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்து போனார்கள். அந்த மாதம் என் போன் ஓயவில்லை. "சார், எங்க அபார்ட்மெண்ட் நிக்குமா?" குரலில் நடுக்கம். இருபதாயிரம் கேட்டாலும் கொடுத்திருப்பார்கள். கேட்டவர்களும் உண்டு. ஆனால் நண்பர்களே, அஸ்திவாரத்தைப் பற்றி என் சுத்தியலுக்கு என்ன தெரியும்? மண் பரிசோதனை அறிக்கை வேண்டும், வரைபடம் வேண்டும், அதற்கென்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வேண்டும். அது வேறு வேலை, வேறு கூலி. ஒரு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு "நிக்கும் சார், கவலைப்படாதீங்க" என்று சொல்லி வாங்கினால் பத்து ரூபாயும் அதிகம்தான். பலருக்குப் போனிலேயே சொல்லி அனுப்பினேன்.

கருவியைக் காட்டிக் காசு வாங்குவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. ரீபவுண்டு ஹேமரை நாலு தட்டுத் தட்டி, "எம் 20 இருக்கு" என்று அச்சடித்துக் கொடுத்து ஐயாயிரம் வாங்குகிறார்கள். 1992-ல் வந்த ஐ.எஸ். 13311 இரண்டாம் பாகமே, அந்த முறையில் கிடைக்கும் பலம் 25 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்கிறது. அந்த ஒரு வரியையும் சேர்த்து அச்சடித்துக் கொடுத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

எல்லோராலும் பத்தாயிரம் கொடுக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. புறநகரில் பன்னிரண்டு லட்சத்துக்கு ஓர் அறை வீடு வாங்குகிற ஆட்டோ டிரைவர் என்னிடம் வந்திருக்கிறார். அங்கேதான் நான் முன்பு தப்புப் பண்ணினேன். இரக்கப்பட்டுக் கூலியைக் குறைத்தேன், அவருக்குச் சொல்லாமலே வேலையையும் குறைத்தேன். இப்போது வெளிப்படையாகச் சொல்கிறேன்: "அண்ணே, 3,500 ரூபா. இரண்டு மணி நேரம். தளமும் மாடியும் தண்ணிக் குழாயும் பார்ப்பேன். ரிப்போர்ட் ஒரு பக்கம், கையால எழுதினது. மின்சாரம் பார்க்க மாட்டேன், அதை உங்களுக்குத் தெரிஞ்ச எலக்ட்ரீஷியன வச்சுப் பாருங்க." அந்தக் காகிதத்தின் கடைசியில் 'பார்க்காதவை' என்று ஒரு தலைப்புப் போட்டு எல்லாவற்றையும் எழுதுகிறேன். பத்தாயிரம் ரூபாய் ரிப்போர்ட்டிலும் அந்தத் தலைப்பு உண்டு, பூட்டியிருந்த அறை, சாவி கிடைக்காத மாடி என்று. சாவி கிடைக்காவிட்டால் இன்னொரு நாள் போவேன். அந்த இரண்டாம் பயணம் என் 1,500-க்குள் அடக்கம்.

இரண்டு வருடம் முன்பு டீச்சரம்மாவின் மகன் வீடு வாங்கினார். அம்மா என்னைத்தான் கூப்பிடச் சொன்னாராம். கூலியைச் சொன்னேன். பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் போனில் கேட்டது: "மாடிக்கு ஏறுவாரான்னு கேளு."

ஏறினேன். முழங்கால் இரண்டு நாள் வலித்தது. அதனால்தான் மாணவர்களிடம் ஒரு விண்ணப்பம். சனிக்கிழமைகளில் என்னோடு வர யாருக்காவது விருப்பம் இருந்தால் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். என் பையனுக்குக் கொடுக்கும் அதே மணிக்கூலி உங்களுக்கும் உண்டு, அனுபவம் கிடைக்கும் என்று சொல்லிச் சும்மா வேலை வாங்க மாட்டேன். வழுக்காத ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள். டார்ச்சும் சுத்தியலும் நான் தருகிறேன்.