துப்புரவுத் தொழிலில் மேற்பார்வையாளரின் கடமை
(கல்விச் சங்க வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கல்விக்கு உழைத்துவரும் இச்சங்கத்தின் வெள்ளி விழாவில், துப்புரவுத் தொழிலில் பணியாளரை நடத்தும் முறை பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். 'அத்தொழிலிலிருந்து நம் பிள்ளைகள் வெளியேற வேண்டும் என்பதற்காக அல்லவா சங்கம் கண்டோம்?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிறப்பின் பெயரால் ஒருவர் கையில் துடைப்பத்தைத் திணிக்கும் கொடுமை ஒழிந்தே தீரவேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் இன்று மருத்துவமனை, ரயில் நிலையம், விமான நிலையம், அடுக்குமாடிக் குடியிருப்பு எனப் பல இடங்களிலும் தூய்மைப் பணி ஒப்பந்த நிறுவனங்களின் தொழிலாகிவிட்டது. படித்த நம் இளைஞர் சிலர் அங்கே மேற்பார்வையாளராக அமர்கின்றனர். சிலர் ஒப்பந்தக்காரராகவும் ஆகின்றனர். அவர்கள்முன் துடைப்பம் ஏந்தி நிற்பவர்களுள் நம் தாய்மார்களே மிகுதி. நாற்காலியில் அமர்ந்த பிள்ளை, எதிரே நிற்கும் தாயை எவ்வாறு நடத்தப்போகிறான்? இதுவே நம் முன் உள்ள கேள்வி.

பழைய மேஸ்திரியின் முறையை நாம் அறிவோம். வயதில் மூத்தவரையும் ஒருமையில் அழைப்பான். வருகைப் பதிவேட்டைக் காட்டி மிரட்டுவான். சற்றுத் தாமதித்தால் அரைநாள் கூலியை வெட்டுவான். அச்சத்தால் பெறும் வேலை, அவன் தலை மறையும் வரையில்தான் நிற்கும். நம்மில் ஒருவர் அந்த இடத்தில் அமர்ந்து அதே குரலில் பேசுவாரானால், ஆள் மாறியதே அன்றி முறை மாறவில்லை.

அமெரிக்க உளவியல் அறிஞர் பிரடெரிக் ஹெர்ஸ்பெர்க், பிட்ஸ்பர்க் வட்டாரத்துப் பொறியாளர், கணக்காளர் ஏறத்தாழ 200 பேரை விசாரித்து, 1959-இல் தம் துணைவர்களுடன் ஒரு நூல் வெளியிட்டார். ஊதியம், பணியிட நிலை, மேலாளரின் நடத்தை ஆகியவை ஒருவகை. இவை கெட்டால் மனம் கசக்கும். சீராக இருந்தால் கசப்பு நீங்கும், அவ்வளவே. சாதனை, பாராட்டு, பொறுப்பு, முன்னேற்றம் ஆகியவை மற்றொரு வகை. ஊக்கம் பிறப்பது இவற்றால். முதல் வகைக்கு அவர் சூட்டிய பெயர் 'சுகாதாரக் காரணிகள்' என்பதாகும்! குப்பையை அகற்றினால் நோய் தடுக்கப்படும். அதனாலேயே உடலில் வலிமை ஏறிவிடாது. இதுவே அப்பெயரின் கருத்து. துப்புரவுத் தொழிலில் நாம் முதலில் அகற்ற வேண்டியது இந்தக் குப்பையைத்தான்.

முதலாவது, ஊதியம். குறித்த நாளில், குறைவின்றி, கணக்குச் சீட்டுடன் அது கைக்கு வரவேண்டும். ஒப்பந்தக்காரர் கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர் கொடுக்க வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. 2020-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பிலும் அந்நெறி இடம்பெற்றுள்ளது. சேமநல நிதிக்குப் பிடித்த பணம் உரிய கணக்கில் சேர்ந்ததா என்பதையும் மேற்பார்வையாளர் பார்த்துச் சொல்லவேண்டும்.

இரண்டாவது, உயிர். கழிப்பறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் எனும் நச்சுவாயு எழும். இதனைச் சொல்லிக் கொடுக்காமல் இரண்டையும் ஒருவர் கையில் கொடுப்பது பெருங்குற்றம். சாக்கடைக் குழியில் ஹைட்ரஜன் சல்பைடு சிறிதளவு இருக்கும்போது அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். மிகும்போதோ மூக்கின் உணர்வே மரத்துவிடும். 'நாற்றம் இல்லை, இறங்கு' என்பவன் சாவுக்கு அனுப்புகிறான். பாதுகாப்பின்றிக் கழிவுநீர்க் குழாயிலும் தொட்டியிலும் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. கழிவுநீர்க் குழாயில் மாண்டவர் குடும்பத்துக்கு இழப்பீடு 30 இலட்சம் ரூபாய் என உச்சநீதிமன்றம் 2023-இல் உயர்த்தியது. இளைஞர்களே, மேலிடத்தின் கட்டளை என்றாலும் ஆளை இறக்க மறுத்துவிடுங்கள். உங்கள் வேலை போனால் மற்றொன்று தேடலாம். போன உயிரைத் தேடமுடியாது.

மூன்றாவது, மதிப்பு. பெயர் சொல்லி, 'அம்மா', 'ஐயா' என்று அழையுங்கள். உடை மாற்ற அறையும், உண்ண இடமும், குடிநீரும் கேட்டுப் பெற்றுத் தாருங்கள். பளிங்குத் தரையைத் துடைப்பவர் படிக்கட்டின் அடியில் அமர்ந்து உண்ணும் இடத்தில் ஊக்கம் எங்கிருந்து வரும்? தமிழக அரசு 2020-இல் 'தூய்மைப் பணியாளர்' என்று பெயர் மாற்றியது, நல்லதே. பெயரோடு நடத்தையும் மாறவேண்டும்.

இவற்றைச் செய்த பின்னரே ஊக்குவிப்புப் பற்றிப் பேசும் தகுதி நமக்கு வருகிறது. டோக்கியோ நிலையத்தில் அதிவேக ரயில் வந்து திரும்புவதற்குள் பெட்டிகளைத் தூய்மை செய்யக் கிடைப்பது ஏழே நிமிடம். அப்பணியைச் செய்யும் நிறுவனத்துக்கு 2005-இல் வந்த தெருவோ யாபே என்பவர், சோர்ந்திருந்த பணியாளரைக் கடிந்து திருத்த முற்படவில்லை. அவர்களுடைய யோசனைகளைக் கேட்டார். நல்ல சீருடை வந்தது. ஒருவர் செய்த நற்செயலை மேற்பார்வையாளர் குறித்து எல்லோரும் அறிய வெளியிடும் முறை வந்தது. தற்காலிகப் பணியாளர் நிரந்தரம் பெறும் வழியும் எளிதாயிற்று. யாரும் பொருட்படுத்தாத வேலை, பயணிகள் நின்று வியக்கும் வேலையாயிற்று.

ஆனால் அதனை அப்படியே இங்கு நட்டுவிட முடியாது. இங்கே துடைப்பத்தின்மேல் சாதி அமர்ந்திருக்கிறது. கூலியை நிறுத்திவைத்துக்கொண்டு பொன்னாடை போர்த்துவது ஏமாற்று. கையுறை தராமல் 'தெய்வப் பணி' என்று புகழ்வதும் அத்தகையதே. உரிமை முதலில், பாராட்டு அதன் பின்னர்.

வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் பயிற்சி கொடுங்கள். கழிப்பறைத் துணியும் சமையலறைத் துணியும் வெவ்வேறு நிறமாக இருப்பது ஏன், கிருமிநாசினி தெளித்த உடனே துடைக்கலாகாது என்பது ஏன் என்று காரணம் சொல்லுங்கள். காரணம் அறிந்தவர் தொழில் வல்லுநர் ஆகிறார். நன்கு அறிந்தவரைக் குழுத் தலைவர் ஆக்குங்கள். பணியாளர் சங்கம் சேர்ந்தால் அஞ்சாதீர்கள். அண்ணல் அம்பேத்கர் 1935-இல் பம்பாய் மாநகராட்சித் தொழிலாளருக்குச் சங்கம் கண்டவர் என்பதை மறவாதீர்கள். பூனாவில் குப்பை பொறுக்கி வாழ்ந்தோரே கூட்டுறவாகச் சேர்ந்து, 2008 முதல் மாநகராட்சியோடு உடன்பாடு செய்து, வீடுவீடாகக் குப்பை சேகரிக்கின்றனர். இடையில் ஒப்பந்தக்காரர் இன்றியும் இத்தொழிலை நடத்தலாம் என்பதற்கு அது சான்று.

இளைஞர்களே! பணியாளரின் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்று கேளுங்கள். உதவித்தொகைப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். அப்பிள்ளை விரும்பிய தொழிலைத் தேர்ந்துகொள்ளும் நாள் வரவேண்டும். தூய்மைப் பணியையும் எந்தச் சாதியினரும் நல்ல ஊதியத்துக்கும் மதிப்புக்கும் விரும்பி ஏற்கும் நிலை வரவேண்டும். இவ்விரண்டும் நிறைவேறும்வரை இச்சங்கத்தின் பணி தொடர்க!