இயன்முறை மருத்துவம் பயில எந்தப் பாடம்?

(தரங்கம்பாடியில் பெற்றோரிடையே நிகழ்த்திய உரை)



வலை இழுத்துத் தோள் தேய்ந்தவரும், நாற்று நட்டு இடுப்பு ஓய்ந்தவரும் இல்லாத வீடு இவ்வட்டாரத்தில் அரிது. பக்கவாதம் கண்டவரைத் தைலம் தடவிப் பாயில் கிடத்திவிட்டு, விதி என்று இருந்துவிட்ட காலமும் உண்டு. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், இயன்முறை மருத்துவர் அத்தகையோரின் வீட்டு வாசலுக்கே வரலானார். அவ்வாறு வருபவர் நம் ஊர்ப் பிள்ளையாகவே இருத்தல் ஆகாதா?

கரையோரச் சிற்றூர் ஒன்றில் ஒரு மாணவியைக் கண்டோம். அவளுடைய பாட்டியாருக்குப் பக்கவாதம். மருத்துவர் செய்வித்த பயிற்சிகளை அருகில் நின்று பழகிக்கொண்டு, மற்ற நாள்களில் அவளே பாட்டியாரின் விரல்களை விரித்து மடக்கிவந்தாள். சில மாதங்களில் அம்மூதாட்டி தம் கையாலேயே சோறு பிசைந்து உண்டார். இதையே படிக்கவேண்டும் என்று அவள் நம்மிடம் கூறியபோது பன்னிரண்டாம் வகுப்பில் பாதி கடந்திருந்தது. அவள் எடுத்திருந்ததோ வணிகவியல். தோழி எடுத்தாள் என்பதே காரணம்! நாம் சொல்லவேண்டியிருந்த மறுமொழி இனியதாக இல்லை.

அமெரிக்காவில் முதலில் ஒரு பட்டம் பெற்று, அதன்பின் இக்கல்விக்குச் செல்கின்றனர். ஆகவே கல்லூரியில் சேர்ந்த பிறகும் யோசிக்க அவகாசமுண்டு. நம் நாட்டு முறை வேறு. மேல்நிலைப் பள்ளியிலிருந்து நேரே பி.பி.டி. பட்டப்படிப்பில் சேரவேண்டும். எனவே பாடத்தைத் தேர்வது கல்லூரி வாயிலில் அன்று, பதினொன்றாம் வகுப்பிலேயே. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். உயிரியலுக்கு ஈடாகத் தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்திருக்கலாம். கணிதத்தோடு கணினி அறிவியல் அமைந்த பிரிவில் உயிரியல் இராது. பலர் இடறும் இடம் இதுவே.

உடம்பைப் பற்றிய படிப்புக்கு இயற்பியல் எதற்கு என்பீர்கள். முன்னாளில் நம் தோட்டங்களில் நின்ற ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள். அது ஒரு நெம்புகோல். முழங்கையும் முழங்காலும் நெம்புகோல்களே. எலும்பு தண்டு, மூட்டு தாங்கும் இடம், தசை இழுக்கும் விசை. இக்கணக்கு அறியாதவர் தளர்ந்த காலுக்கு எவ்வளவு பாரம் கொடுக்கலாம் என்று எங்ஙனம் சொல்வார்?

இக்கல்வி நமக்குப் புதிதன்று. 1953-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு இதற்கென ஒரு பள்ளி ஏற்பட்டது. இளம்பிள்ளைவாதம் குழந்தைகளை முடக்கிய காலம் அது. இன்று காவிரிக் கரையிலுள்ள திருச்சியிலேயே அரசு இயன்முறை மருத்துவக் கல்லூரி உண்டு. நான்கு ஆண்டுப் பாடமும், அதன்மேல் மருத்துவமனைப் பயிற்சியும் பெறவேண்டும். 2021-இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டத்தின்பின் விதிகள் மாறிவருவதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை வரிவிடாமல் படியுங்கள். தனியார் கல்லூரியாயின், அது பல்கலைக்கழக இணைப்புப் பெற்றதா என்று விசாரியாமல் பணம் கட்டவேண்டா.

பத்தாம் வகுப்பு முடிந்து பள்ளியில் படிவம் நீட்டுவார்கள். பெற்றோர் கையெழுத்திடுமுன், பிரிவில் உயிரியல் உள்ளதா என்று பிள்ளையைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.