கடல் கடந்து செல்வோர்
(ஜூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிழைப்புக்காக அயல்நாடு சென்றிருக்கும் நம் பிள்ளைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச வந்திருக்கிறேன்.

நம்முடையது வானம் பார்த்த பூமி. 1985-ஆம் ஆண்டு வரை பழைய இராமநாதபுரம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த சீமை. மழை பொய்த்த காலங்களில் இச்சீமை மக்கள் இலங்கைக்கும், மலாயாவுக்கும், பர்மாவுக்கும் போனார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்தவர் கங்காணி. வழிச்செலவுக்கு அவர் கொடுத்த முன்பணமே முதற்கடன். கடன் இவ்வளவு என்று எழுதிய 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921-இல்தான் அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. 1964-இல் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் ஏற்பட்டபின், அவர்கள் பேரப்பிள்ளைகள் பல்லாயிரம் பேர் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள்.

1973-இல் எண்ணெய் விலை ஏறியது. வளைகுடா நாடுகள் கட்டடம் கட்ட ஆள் தேடின. அன்று முதல் கொத்தனாரும் டிரைவரும் அங்கே போனார்கள். இன்று நர்ஸ் வேலைக்கும், மேற்படிப்புக்கும் ஜெர்மனி, கனடா வரை போகிறார்கள். அன்று துரத்தியது பஞ்சம். இன்று துரத்துவது தங்கை கல்யாணமும், வீட்டுக் கடனும், பட்டாசு ஆலை விபத்தின் பயமும்.

ஊர் மாறியது, கடன் மாறவில்லை. கணவனை வெடி விபத்தில் பறிகொடுத்த ஒரு தாய், மகனாவது பிழைக்கட்டும் என்று தாலிக்கொடியை அடகு வைத்து ஏஜெண்டிடம் பணம் கட்டினாள். அவன் அனுப்பியது சுற்றுலா விசாவில். நான்கு மாதத்தில் பையன் திரும்பிவிட்டான், நகை திரும்பவில்லை. முன்பணம் வாங்கினால் கை கட்டுப்படும் என்பதைத் தீப்பெட்டி ஆபீசில் பாடுபட்ட நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் விமானம் என்றவுடன் மறந்துவிடுகிறோம்!

போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்டுப் போங்கள். 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏஜெண்டுக்கு அரசாங்க லைசென்ஸ் வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணம் முப்பதாயிரம் ரூபாயும் அதற்குரிய வரியும்தான் என்று 2017-இல் விதி செய்தார்கள். சந்தேகமிருந்தால் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரியுங்கள். வேலை ஒப்பந்தத்தைப் படித்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். பாஸ்போர்ட் நகலை வீட்டில் வையுங்கள்.

நகையை அடகுக்கடைக்கு எடுத்துப்போகுமுன், காகிதத்தைப் பங்குச் சபைக்கு எடுத்து வாருங்கள். வாசித்துச் சொல்ல நம்மிடையே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இந்த ஜூபிலி ஆண்டில் அந்த ஒரு தொண்டையாவது தொடங்குவோம். சென்ற பிள்ளைகள் சுகமாய்த் திரும்ப இறைவன் அருள்வாராக.