வழி தெரியாதவர்களும் தலையெழுத்தும்
(திருவொற்றியூரில் செய்த சொற்பொழிவு)



"ஒரு வழியும் தெரியவில்லை, எதற்காக உயிரோடிருக்கிறோம் என்றும் விளங்கவில்லை" என்பதாக இவ்வூர் வாலிபர்கள் சிலர் என்னிடம் சொன்னார்கள். அதைக் கேலி செய்ய நான் வரவில்லை. பெரம்பூர் பின்னி மில் 1996-இல் மூடப்பட்டது. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் நிறுத்தப்பட்டது. இருக்கிற ஆலைகளிலும் அநேகருக்குக் காண்டிராக்ட் வேலைதான். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் வலையையும் படகையும் பாழாக்கியதே, அதுவும் மீனவனின் தலையெழுத்தா?

இப்படித் திகைத்து நிற்பவனுக்கு இங்கே கொடுக்கிற மருந்தைப் பாருங்கள். இதே கடற்கரையில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. காதற்ற ஊசியைக் கண்டு சகலத்தையும் உதறினார் என்பது கதை. அவருக்கு உதறக் கப்பலாவது இருந்தது. ரேஷன் கார்டைத் தவிர வேறில்லாத நாம் எதை உதறுவது? ஜோசியனோ, சனி விலகட்டும் என்கிறான். கம்பெனி மூடினது சனிக்கு எப்படித் தெரியும்?

இப்பட்டணத்து மீனவர் குலத்தில் 1860-இல் பிறந்த தோழர் ம. சிங்காரவேலர் வக்கீலானது 1907-இல். அப்போது வயது 47. நாம் அந்த வயதில் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடிவிட்டுத் திண்ணையில் சாய்ந்து விடுகிறோம்! 1921-இல் வக்கீல் அங்கியைக் கொளுத்தினார். 1923-இல் ஹைக்கோர்ட்டு அருகிலும் திருவல்லிக்கேணியிலும் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். 1928-இல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்துக்காக, 68 வயதில், ஜெயிலுக்குப் போனார். வெளியே வந்தும் ஓய்ந்தாரா? 'குடி அரசு'வில் விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதினார்.

புத்த சங்கம், கோர்ட்டு, காங்கிரஸ், கம்யூனிசம் என்று போன இந்த மனிதருக்கு ஆரம்பத்திலேயே ஒரு நேர்வழி தெரிந்திருந்தது என்று யார் சொல்ல முடியும்? கையில் ஒரு வேலையை எடுத்த பிறகல்லவா அடுத்த வேலை கண்ணில் பட்டது!

"அவர் படித்தவர், வீட்டில் பெரிய புத்தகசாலை வைத்திருந்தவர், நமக்கு என்ன உண்டு?" என்பீர்கள். நியாயமான கேள்விதான். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காத நானே அதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் பி.எப். பாரத்தைப் பூர்த்தி செய்யத் தெரியாமல் நம் தெருவிலே எத்தனை பேர் புரோக்கருக்குப் பணம் அழுகிறார்கள்? அதைக் கற்றுக்கொண்டு நாலு பேருக்குச் சும்மா எழுதிக் கொடுக்கிற வாலிபனுக்கு, மறுநாள் வாசலில் ஐந்தாவது ஆள் காத்திருப்பான். எதற்காக எழுந்திருப்பது என்று அன்றைக்கு அவன் ஜோசியனைக் கேட்க மாட்டான்.

மறுத்துப் பேச விரும்புகிறவர்கள் தாராளமாக மேடைக்கு வரலாம். சமாதிக்காரர்களுக்கே முதலிடம்.