பட்டறைக்கு வெப்சைட் போட்ட கதை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



பேசச் சொன்னதுமே எனக்குக் கை நடுங்கிப் போச்சு. குழுக் கூட்டத்தில் தீர்மானம் வாசிப்பேன், அம்புட்டுதான். ஆனா ஒரே வேலைக்கு ரெண்டு தடவை உள்கடன் வாங்கினவ நான். முதல் தடவை ஏமாந்தேன், ரெண்டாவது தடவை உருப்படியா செஞ்சேன். "அதை அப்படியே சொல்லு" என்றார் தலைவி அக்கா.

திண்டுக்கல்லில் வத்தலக்குண்டு ரோட்டில் எங்க வீட்டுக்காரர் கார் மெக்கானிக் பட்டறை வெச்சிருக்கார். தகரக் கொட்டகை, வேலைக்கு ரெண்டு பையங்க, பக்கத்தில் டீக்கடை. கணக்கு வழக்கு என் பொறுப்பு. கொடைக்கானலில் இருந்து இறங்குற வண்டிகள் நிறைய அந்த வழியாத்தான் வரும். மலை ரோட்டில் கியரைக் குறைச்சு இறங்கத் தெரியாம, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்திருப்பாங்க. பிரேக் தீஞ்ச வாடை அடிச்சதும் பயந்துபோய், ஓரமா நிறுத்திப் போனில் மெக்கானிக்கைத் தேடுவாங்க. அந்தத் தேடலில் எங்க பட்டறை இருக்காது. கண்ணுக்கு எட்டுற தூரத்தில் நாங்க இருந்தும் அவங்களுக்குத் தெரியாது.

அப்போதான் ஒருத்தர் வந்தார். பதினைஞ்சாயிரம் கொடுங்க, வெப்சைட் போட்டுத் தர்றேன்னார். குழுவில் உள்கடன் வாங்கிக் கொடுத்தேன். வெப்சைட்டும் வந்துச்சு, பளபளன்னு. முகப்பில் பெரிய கண்ணாடிக் கட்டடம், கையுறை போட்ட வெள்ளைக்காரர் ஒருத்தர் இன்ஜினைப் பார்த்துச் சிரிக்கிற படம். அவர் யாருன்னு எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது! அதைப் பார்த்துட்டு கேரளாவில் இருந்து ஒரு குடும்பம் வந்தாங்க. எங்க தகரக் கொட்டகையைப் பார்த்தாங்க, போனில் இருந்த படத்தைப் பார்த்தாங்க, வண்டியைத் திருப்பிட்டாங்க. அன்னைக்கு இவர் சாப்பிடவே இல்லை.

அதை விடப் பெரிய அடி ரெண்டு வருஷம் கழிச்சு. புதுப்பிக்க ஒன்பதாயிரம் கேட்டார். ஜாஸ்தியா இருக்கேன்னு சொன்னோம். மறுவாரம் வெப்சைட்டே இல்லை. விசாரிச்சா, எங்க கடைப் பேரில் இருந்த இணைய முகவரியை அவர் தன் பேரில் பதிஞ்சு வெச்சிருக்கார். பில் புக், போர்டு எல்லாத்திலும் அந்த முகவரியை அச்சடிச்சிருந்தோம். மிச்ச பில் புக் இன்னும் பரண்மேல கிடக்கு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கொடுத்தாங்க. பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரி நான், என் கடைச் சாவியை அடுத்தவர் பையில் போட்டு வெச்சிருந்தேன். அவரை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். குழுவில் செக்கில் கையெழுத்துப் போடும்போது பேர், தேதி, தொகை எல்லாம் பார்க்கிற நான், இதில் ஒண்ணுமே கேட்கலை.

ரெண்டாவது தடவை அவசரப்படலை. ஒரு மாசம் பட்டறையில் ஒரு நோட்டு போட்டேன். போன் வந்தா, என்ன கேட்கிறாங்கன்னு ஒரு வரி எழுதணும். மாசக் கடைசியில் பார்த்தா திரும்பத் திரும்ப அஞ்சாறு கேள்விதான். எந்த இடம்? ஞாயித்துக்கிழமை திறந்திருக்குமா? டீசல் வண்டி பார்ப்பீங்களா? நின்ன இடத்துக்கு ஆள் அனுப்புவீங்களா? எவ்வளவு ஆகும்? எங்களோட 'நோக்கம்', 'தொலைநோக்கு' என்னன்னு ஒரு ஆளும் கேட்கலை. பழைய வெப்சைட்டில் அதுதான் அரைப் பக்கம் இருந்துச்சு.

அந்தக் கேள்விகளுக்குப் பதில்தான் புது வெப்சைட். மேலே போன் நம்பர், தொட்டாலே அழைப்பு போகிற மாதிரி. அடுத்து மேப். மலையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும், கனமான படம் போட்டா திறக்கவே திறக்காது. அதனால் நாலே போட்டோ, அளவைச் சின்னதாக்கிப் போட்டோம். எங்க தகரக் கொட்டகை, எங்க பையங்க, கிரீஸ் படிஞ்ச எங்க வீட்டுக்காரர் கை. தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதினோம்.

ரேட் போடுறதில்தான் வீட்டில் சண்டை. "ஸ்பேர் விலை மாசாமாசம் ஏறுது, எழுதி வெச்சுட்டு எவன் கிட்ட மாட்டிக்கிறது?" என்பார் இவர். வெளியூர்க்காரங்களுக்கு முதல் பயமே 'தனியா மாட்டிக்கிட்டோம், தீட்டிருவாங்க' என்பதுதானே என்பேன் நான். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு வழிக்கு வந்தோம். கூலி மட்டும் போடுறது. பிரேக் பேட் மாத்த 400 ரூபாய் மாதிரி. ஸ்பேருக்கு பில், கழட்டின பழைய சாமான் வண்டிக்காரர் கையில். இதைத்தான் நிறையப் பேர் படிச்சுட்டு வந்தேன்னு சொல்றாங்க.

இனி முக்கியமானது. இணைய முகவரியை இந்தத் தடவை நானே பதிஞ்சேன், என் பேர், என் மெயில், என் போன் நம்பர். '.இன்' முகவரிக்கு வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள்ளதான் ஆச்சு. ஒரு வருஷத்துக்கும் பதியலாம், பத்து வருஷம் வரைக்கும் சேர்த்தும் கட்டலாம். '.இந்தியா'ன்னு தமிழிலேயே கூட முகவரி வாங்கலாம். போனில் தமிழ் தட்டத் தெரியாதவங்களும் வருவாங்கன்னு நாங்க அதை எடுக்கலை. பதிஞ்ச கம்பெனியை விட்டு வேற கம்பெனிக்கு மாறணும்னா ஒரு ரகசியக் குறியீடு கேட்பாங்க. அது உங்க கையில் இருக்கணும். பக்கத்தை வடிவமைச்சுக் கொடுக்க ஒரு தம்பிக்குத் தனியாப் பணம் கொடுத்தேன். வேலை அவருடையது, பேர் எங்களுடையது.

கூகுள் மேப்பில் கடையைச் சேர்க்க காசே இல்லை. சின்னக் கடைக்கு அது மட்டுமே போதும், வெப்சைட் கூட வேண்டாம். ஆனா நேரத்தைச் சரியா வெச்சிருக்கணும். தைப்பூசத்துக்கு இவர் மாலை போட்டு பழனிக்கு நடந்துருவார், நாலு நாள் கடை பூட்டு. முதல் வருஷம் அதை மேப்பில் மாத்தலை. பூட்டின கடை முன்னாடி வண்டியை நிறுத்திட்டு ஒருத்தர் எனக்குப் போனில் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கு. ஒரு நட்சத்திரம் வெச்சுட்டுப் போயிட்டார். சொந்தக்காரங்களை விட்டு அஞ்சு நட்சத்திரம் போடச் சொல்லலாம்னு நாத்தனார் யோசனை சொன்னாங்க. வேண்டாம்னுட்டேன். அவருக்கே மன்னிப்புக் கேட்டுக் கீழே பதில் எழுதினேன். அது இன்னும் அங்கேயே இருக்கு.

2024 மே மாசத்தில் இருந்து கொடைக்கானல் போகிற வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேணும்னு உயர் நீதிமன்ற உத்தரவு. பாஸே போனில்தான் எடுக்கிறாங்க, மெக்கானிக்கையும் அதிலேதான் தேடுறாங்க. மாசத்துக்குப் பத்துப் பன்னிரண்டு புது வண்டி வருது. பெரிய புரட்சின்னு சொல்ல மாட்டேன், ரெண்டாவது உள்கடன் தவணை தவறாம கட்டியாச்சு.

அந்தக் கேள்வி நோட்டை இன்னைக்குக் கொண்டு வந்திருக்கேன். தையல், மசாலா, சேலை வியாபாரம் பண்ற அக்காமார் சாப்பாட்டு நேரத்தில் வந்து பாருங்க. முகவரி புதுப்பிக்கிற தேதியைக் குழுத் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்திலும் எழுதி வெச்சிருக்கேன். நான் மறந்தாலும் எங்க ஊக்குநர் அக்கா விடமாட்டாங்க.