கோமகன் பெயர் தாங்கிய வாழை



இங்கிலாந்தின் டெவன்ஷயர் கோமகன்கள் கேவண்டிஷ் குடும்பத்தினர். இரண்டாம் கோமகன் ‘பிளையிங் சில்டர்ஸ்’ என்னும் புகழ்பெற்ற பந்தயக் குதிரையை வைத்திருந்தார். ரெம்பிராண்டின் வரைபடங்களையும் வாங்கிச் சேர்த்தார். ஆயினும், நம் உணவுத்தட்டுவரை வந்தது அக்குடும்பத்தின் செடி வேட்கையே.

ஆறாம் கோமகனின் தோட்டத் தலைவர் ஜோசப் பாக்ஸ்டன், சாட்ஸ்வொர்த் மாளிகையின் கண்ணாடி இல்லத்தில் குட்டை வாழையொன்றை வளர்த்தார். 1835இல் அது பூத்தது. தம் பெயரை விடுத்து, எசமானரின் குடும்பப் பெயரையே அதற்குச் சூட்டினார். ஊதியம் பெற்றவர் வேறென்ன செய்வார்!

அவ்வாழை சீனத்திலிருந்து மொரீசியசு வழியாக இங்கிலாந்து சேர்ந்தது. தலைமுறைகளாகக் கன்று பிரித்து நட்டுக் காத்த உழவர் இட்ட பெயர் தாவரநூலில் ஏறவில்லை. நம் சந்தையில் பிசாங் பெராங்கான் தன் மலாய்ப் பெயருடனேயே விலைபோகிறது.