மூன்று வருஷச் சான்றிதழ்

(நாக்பூரில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை பற்றிப் பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். விசா, மருந்து மாத்திரை, குளிருக்கு ஸ்வெட்டர் என்று பேசிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் போன கூட்டத்தில் ஓர் அன்பர், "நம்மாத்துக் குழந்தைகள் எந்தத் தேசத்துக்குப் போனாலும் குடிப் பழக்கத்துக்குப் போகமாட்டா" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூலையில் என் மகன் கலிஃபோர்னியாவில் குடித்துவிட்டுக் கார் ஓட்டியதற்காகக் கைதானான். அவனுடைய சம்மதத்துடன்தான் பேசுகிறேன். "சொல்லுங்கோப்பா, ஒருத்தருக்காவது உபயோகப்படட்டும்" என்றான்.

அப்போது நானும் என் மனைவியும் அவன் வீட்டில்தான் இருந்தோம். நண்பர் வீட்டு விருந்துக்குத் தனியாகப் போனவன், திரும்பும்போது தெருவோரம் நின்றிருந்த ஒரு காரை உரசிவிட்டான். பகவத் சங்கல்பம், யாருக்கும் அடியில்லை. போலீஸ் வந்து ஊதச் சொன்னார்கள். கருவி காட்டியது 0.11. அங்கே சட்ட வரம்பு 0.08. அதாவது 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால். இரவு காவலில் இருந்துவிட்டு மறுநாள் காலையில் வீடு வந்தான். லைசென்ஸைப் போலீஸ் வாங்கிக்கொண்டு, 30 நாளைக்குச் செல்லும் இளஞ்சிவப்புத் தாள் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள்.

"ரெண்டே ரெண்டு கிளாஸ்தாம்பா" என்றான். நான் கெமிஸ்ட்ரி பட்டதாரி. கோபத்தைவிட எனக்குக் கணக்குதான் முதலில் வந்தது. அமெரிக்காவில் ஒரு அளவு மது என்றால் அதில் 14 கிராம் சுத்த ஆல்கஹால். 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு அது ரத்தத்தில் ஏறக்குறைய 0.03 ஏற்றும். கல்லீரல் மணிக்கு 0.015 வீதம் இறக்கும். மூன்று மணி நேர விருந்துக்குப் பிறகும் 0.11 இருக்கிறதென்றால் இரண்டு அளவால் அது வராது. ஐந்து ஆகியிருக்க வேண்டும். பேப்பரில் எழுதிக் காட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். காபி குடித்தாலும் குளித்தாலும் இந்த 0.015 வேகமாகாது. 0.11 பூஜ்யமாக ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராத்திரி குடித்தவன் விடியற்காலையில் வண்டியை எடுத்தாலும் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

இது அவன் சொன்ன பொய். நான் சொன்ன பொய் இதைவிடப் பெரிது. அதற்கு வருகிறேன்.

முதலில் நடைமுறை. கலிஃபோர்னியாவில் இந்தக் குற்றத்துக்கு இரண்டு வாசல்கள். ஒன்று கோர்ட். இன்னொன்று மோட்டார் வாகனத் துறை, நம் ஆர்.டி.ஓ. போன்றது. லைசென்ஸ் பறிப்பதை எதிர்த்து அந்தத் துறையிடம் விசாரணை கேட்க வேண்டுமானால் கைதான 10 நாளைக்குள் கேட்க வேண்டும். பலர் கோர்ட் தேதியைப் பார்த்துக்கொண்டே இந்த 10 நாளைக் கோட்டை விடுகிறார்கள். முதல் குற்றத்துக்கு அடிப்படை அபராதம் 390 முதல் 1,000 டாலர். அதன்மேல் ஏறும் கூடுதல் தொகைகளால் அது பல மடங்காகும். வகுப்புக்கும் போக வேண்டும். இவையெல்லாம் ஒரு வருஷத்துக்குள் முடிந்துபோகும். முடியாமல் நீள்வது கார் இன்ஷூரன்ஸ்.

திரும்ப வண்டி ஓட்ட அனுமதி வேண்டுமென்றால் 'எஸ்.ஆர்.-22' என்ற தாள் வேண்டும். பலர் இதை ஒரு பாலிசி என்று நினைக்கிறார்கள். அது பாலிசி அல்ல. "இந்த மனிதருக்குச் சட்டம் கேட்கும் அளவு காப்பீடு எங்களிடம் இருக்கிறது" என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி நேரடியாக மோட்டார் வாகனத் துறைக்கு அனுப்பும் சான்றிதழ். கலிஃபோர்னியாவில் அதை மூன்று வருஷம் விடாமல் வைத்திருக்க வேண்டும். நடுவில் பிரீமியம் கட்டத் தவறிப் பாலிசி நின்றால், கம்பெனி உடனே துறைக்குத் தெரிவித்துவிடும். லைசென்ஸ் மறுபடி முடங்கும். கார் வைத்துக்கொள்ளாதவரும் லைசென்ஸ் வேண்டுமானால், சொந்த வண்டி இல்லாதவருக்கான பாலிசி எடுத்து இந்தத் தாளைத் தாக்கல் செய்ய வேண்டும்.

இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஃப்ளோரிடாவிலும் வர்ஜீனியாவிலும் குடித்து ஓட்டியவர்களுக்கு 'எஃப்.ஆர்.-44' என்று வேறு தாள். அதற்குச் சாதாரண வரம்பைவிட அதிகத் தொகைக்குக் காப்பீடு எடுக்க வேண்டும். நியூயார்க்கிலும் பென்சில்வேனியாவிலும் எஸ்.ஆர்.-22 கேட்பதில்லை. ஆகையால் உங்கள் பிள்ளை எந்த மாநிலமோ அந்த மாநில விதியைத்தான் பார்க்க வேண்டும்.

என் மகனின் பழைய கம்பெனி, தவணை முடிந்ததும் புதுப்பிக்க மாட்டோம் என்று கடிதம் அனுப்பிவிட்டது. இரண்டு மூன்று இடங்களில் கேட்டான், முகம் கொடுக்கவில்லை. எடுத்துக்கொள்ளச் சம்மதித்த இடத்தில் வருஷத்துக்கு 1,600 டாலராக இருந்தது 4,000 டாலருக்கு மேல் போயிற்று. அப்போதுதான் என் அரசாங்க மூளை வேலை செய்தது. "காரையும் பாலிசியையும் உன் ஆத்துக்காரி பேருக்கு மாத்திடு. உன் பேரையே காட்டாதே. ஓட்டறது நீதான்னு யாருக்குத் தெரியும்?" என்றேன்.

36 வருஷம் மத்திய சர்க்கார் உத்தியோகம். மற்றவர்கள் கொடுத்த விவரங்கள் உண்மைதானா என்று சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கியவன் பேசிய பேச்சு இது.

பதில் சொன்னது மகன் அல்ல, மருமகள். "அப்பா, ஆத்தில லைசென்ஸ் இருக்கிற எல்லாரோட பேரையும் சொல்லுங்கோன்னு கம்பெனிக்காரா கேக்கறா. இவர் பேரை மறைச்சு எடுத்துட்டு, நாளைக்கு இவர் யாரையாவது இடிச்சுட்டா, கம்பெனி கையை விரிச்சுடும். அடிபட்டவா குடும்பத்துக்கு அன்னிக்கு யார் பதில் சொல்றது?" எனக்குப் பதில் வரவில்லை.

அவள் சொன்னது சட்டப்படியும் சரி. உண்மையை மறைத்து எடுத்த பாலிசியை ரத்து செய்யக் கம்பெனிக்கு வழி உண்டு. 'இவர் ஓட்ட மாட்டார்' என்று எழுதிக் கொடுத்து ஒருவரைப் பாலிசியிலிருந்து விலக்கி வைப்பதும் அங்கே உண்டு. ஆனால் அப்படி விலக்கப்பட்டவர் வண்டியை எடுத்தால் காப்பீடு கிடையாது. தவிர, எஸ்.ஆர்.-22 அவன் பேரில்தான் போக வேண்டும். மனைவி பேரில் ஒளிந்துகொள்ள முடியாது. இன்ஷூரன்ஸ் என்பது நம் காரைக் காப்பாற்ற என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத இன்னொருவரின் குடும்பத்தைக் காப்பாற்ற என்பதை என் மருமகளிடம்தான் கற்றுக்கொண்டேன்.

பிறகு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லி, பல கம்பெனிகளுக்கு வேலை செய்யும் ஒரு தரகர் மூலம் பாலிசி எடுத்தோம். அவர் சொன்ன வழிகள் எல்லோருக்கும் பயன்படும். இரண்டாவது காரை விற்றுவிட்டார்கள். தன் காரின் சேதத்துக்குத் தானே ஏற்கும் தொகையைக் கூட்டினார்கள். ஆனால் பிறருக்கு நேரும் சேதத்துக்கான வரம்பை மட்டும் குறைக்கவில்லை. அப்போது கலிஃபோர்னியாவில் கட்டாயக் குறைந்தபட்சம், ஒருவர் காயத்துக்கு 15,000 டாலர்தான். 2025 ஜனவரி 1 முதல்தான் அது 30,000 ஆயிற்று. அந்த ஊர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு இரண்டுமே போதாது. எந்தக் கம்பெனியும் எடுத்துக்கொள்ளாதவர்களுக்கு, ஏதாவது ஒரு கம்பெனியிடம் ஒப்படைக்கும் அரசு ஏற்பாடும் அங்கே உண்டு. ஆகவே 'இன்ஷூரன்ஸே கிடைக்காது' என்று பயந்து, காப்பீடு இல்லாமல் ஓட்டும் இரண்டாவது குற்றத்தைச் செய்ய அவசியமே இல்லை.

ஆறு மாதம் காரில் ஒரு கருவி பொருத்தினார்கள். அதில் ஊதி, மது இல்லை என்று அது ஒப்புக்கொண்டால்தான் வண்டி கிளம்பும். ஏழு வயதுப் பேரன், "தாத்தா, அப்பா காருக்கு நாதஸ்வரம் வாசிக்கறா" என்றான். நாங்கள் சிரித்தோம். என் மகன் சிரிக்கவில்லை.

அடுத்தது விசா. 2015 நவம்பர் முதல், கடந்த ஐந்து வருஷத்துக்குள் இந்தக் குற்றத்துக்காகக் கைதானவர்களின் விசா முத்திரையை ரத்து செய்யும் வழக்கம் அமெரிக்க வெளியுறவுத் துறையில் இருக்கிறது. தண்டனை வரை காத்திருப்பதில்லை, கைதே போதும். அங்கே இருப்பவர் உடனே கிளம்ப வேண்டியதில்லை. ஆனால் நாட்டை விட்டு வெளியே வந்தால், குறிப்பிட்ட டாக்டர்களிடம் பரிசோதனை செய்துகொண்டு புது விசா வாங்கித்தான் திரும்ப முடியும். எச்-1பி விசாவில் இருந்த என் மகனுக்கு ஈமெயில் வந்தது. 2023 பிப்ரவரியில் இங்கே நாக்பூரில் பேரனுக்கு உபநயனம் செய்வதாக மண்டபம்கூடப் பார்த்திருந்தோம். தள்ளிப் போட்டோம். கேட்ட உறவினர்களிடமெல்லாம் "லீவு கிடைக்கலை" என்றேன். உங்களில் பலரிடமும் அதைத்தான் சொன்னேன். இன்று மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

2024-ல் அவன் துணிந்து வந்து, பரிசோதனை, நேர்காணல் எல்லாம் முடித்துப் புது விசா வாங்கினான். உபநயனமும் அந்த மே மாதம் நடந்தது. பட்டுத் துணிக்கடியில் தலையைக் கவிழ்த்துப் பிள்ளையின் காதில் அவன் மந்திரம் சொன்னபோது, என் மனைவி அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதுவும் உண்மைதான்.

2025 செப்டம்பரில் மூன்று வருஷம் முடிந்து எஸ்.ஆர்.-22 தேவை நீங்கியது. ஆனால் கலிஃபோர்னியாவில் நல்ல ஓட்டுநருக்கான 20 சதவீதத் தள்ளுபடி அவனுக்குப் பத்து வருஷத்துக்குக் கிடையாது. 2032 வரை அந்த இரவுக்கு அவன் பணம் கட்டிக்கொண்டிருப்பான். இது நியாயம்தான் என்பது அவனுடைய அபிப்பிராயம், இப்போது என்னுடையதும்.

'அது அமெரிக்கா, நமக்கென்ன' என்று யாரும் எண்ண வேண்டாம். நம் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு அதைவிடக் கடுமை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தாலே குற்றம். 2019 செப்டம்பர் முதல், முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இங்கே பிரீமியம் பெரும்பாலும் வண்டியைப் பார்த்துத்தான். ஓட்டுபவர் தண்டனை பெற்றவரா என்று கேட்பதில்லை. அதனால் நமக்கு உறைப்பதில்லை. க்ளெய்ம் கேட்கும்போது உறைக்கும். குடித்து ஓட்டிய விபத்தில் நம் வண்டியின் சேதத்துக்குப் பாலிசியில் இடமில்லை. ரத்தப் பரிசோதனை நடக்காவிட்டாலும், சூழ்நிலையை வைத்தே கம்பெனி மறுக்கலாம் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

முடிவாக ஒரு வேண்டுகோள். உங்கள் உறவில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், "அந்தப் பையனா, அவனா!" என்று ஊர் ஊராகப் போன் செய்யாதீர்கள். "பத்து நாள் கெடு ஞாபகம் இருக்கா? வக்கீலைப் பார்த்தாச்சா? இன்ஷூரன்ஸ்ல உண்மையைச் சொன்னயா?" என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். நம்மாத்தில் நடக்காது என்று நாம் சொல்லிக்கொண்டே இருந்தால், நடந்துவிட்ட வீட்டுப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்வான்? இரண்டு கிளாஸ் என்றுதான் சொல்வான்.

போன கூட்டத்தில் ஆட்டிய தலையை இன்று திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.